சதுரக் குமிழி

முதலில் ஒரு கேள்வி. கட்டுக்கம்பியைச் சதுரமாக வளைத்து, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து ஊதுகிறீர்கள். வரும் குமிழி என்ன வடிவத்தில் இருக்கும்?

‘இதெல்லாம் ஒரு கேள்வியா, உருண்டையாகத்தான் இருக்கும்’ என்கிறீர்களா? சரியான விடை. ஒரு மார்க். இப்போது இரண்டாவது கேள்வி. அது உங்களுக்கு எப்படித் தெரியும்? என்றைக்காவது ஊதிப் பார்த்தது உண்டா?

பெரும்பாலானவர்கள் பார்த்திருக்க மாட்டோம். யாரோ சொன்னார்கள், எங்கோ படித்தோம், மனசில் தங்கிவிட்டது. நம்முடைய அறிவியல் அறிவில் முக்கால்வாசி இப்படிக் காதுவழி வந்ததுதான்.

இதைக் கேட்கிற யோக்கியதை எனக்கும் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோடை லீவுக்கு வந்திருந்த தம்பி மகள், ஏழு வயசு, மொட்டை மாடியில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சோப்புத் தண்ணீர் கலக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் வீட்டு வேலை நடந்தபோது மிச்சமான கட்டுக்கம்பி. கஷ்டப்பட்டு நாலு மூலை வருகிற மாதிரி வளைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“பெரியப்பா, இதுல ஊதினா கட்டமா முட்டை வருமா?”

“வராதும்மா. வட்டம், சதுரம், ஸ்டார் எதுல ஊதினாலும் ரவுண்டாத்தான் வரும். அதுக்குப் பரப்பு இழுவிசைன்னு பேரு...” என்று ஆரம்பித்து இரண்டு நிமிஷம் விளக்கினேன். எனக்கே பெருமையாக இருந்தது. குழந்தை பொறுமையாகக் கேட்டது. “ஓ” என்றது. கம்பியைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு டி.வி. பார்க்கக் கீழே இறங்கிப் போய்விட்டது.

மறுநாள் துணி உலர்த்தப் போனபோது அந்தக் கம்பி அங்கேயே கிடந்தது. காய்ந்த சோப்பின் தடம்கூட அதில் இல்லை. அவள் அதைத் தண்ணீரில் முக்கவே இல்லை. எதற்கு முக்க வேண்டும்? விடைதான் வந்துவிட்டதே!

அரை நிமிஷத்தில் அவளே கண்டுபிடித்துக் கத்தியிருக்க வேண்டிய ஒன்றை நான் பிடுங்கிக்கொண்டேன். பிடுங்கினதோடு நிற்காமல், சொல்லிக் கொடுத்ததாக வேறு நினைத்துக்கொண்டேன். இந்தத் திருட்டை நம் வீடுகளில் தினமும் செய்கிறோம். அன்போடு செய்கிறோம் என்பதால் அது திருட்டு என்று நமக்கே தெரிவதில்லை.

கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். நமக்குப் பள்ளி லீவு நாட்களில் குமிழி விடுவது எப்படி இருந்தது? கொட்டாங்கச்சியில் தண்ணீர். அம்மாவுக்குத் தெரியாமல் சுரண்டி எடுத்த துணி சோப்பு. ஊதுவதற்குப் பப்பாளி இலைக் காம்பு. முற்றின காம்பா, இளசா, எங்கே நறுக்கினால் வாய் கிழியாது என்பதெல்லாம் அவரவர் ஆராய்ச்சி. ஒரு தடவை ஊதுவதற்குப் பதில் உறிஞ்சித் தொலைத்தவன் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டான். கிராமத்துப் பிள்ளைகளுக்கு சோப்புகூட வேண்டாம். காட்டாமணக்குக் காம்பைப் பாதி ஒடித்து வளைத்தால் இடுக்கில் பால் கண்ணாடி மாதிரி நிற்கும். மெல்ல ஊதினால் குட்டிக் குட்டியாய்ப் பறக்கும். (இதை இப்போது பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்காதீர்கள். அந்தச் செடியின் விதை விஷம். பால் கண்ணில் பட்டால் ஆபத்து.)

அப்புறம் திருவிழாக் கடைக்கும் பீச்சுக்கும் குட்டி பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. மூடியிலேயே வளையம். கரைசலும் ரெடி. குழந்தைக்கு மிச்சம் இருந்த வேலை ஊதுவது மட்டும். அப்புறம் பேட்டரி போட்ட துப்பாக்கி வந்தது. ஊதவும் வேண்டாம், விரலால் அமுக்கினால் போதும். இப்போது செல்போன் திரையிலேயே குமிழிகள் மிதக்கின்றன. தொட்டால் ‘டப்’ என்று உடைகின்றன. கை நனைவதில்லை, தரை வழுக்குவதில்லை, அம்மா திட்டுவதில்லை.

ஒவ்வொரு படியிலும் குமிழி பெரிசாகவும் அழகாகவும் ஆகிக்கொண்டே வந்தது. குழந்தை செய்வதற்கு இருந்தது குறைந்துகொண்டே வந்தது. கரைசல் கலக்குவது போச்சு, காம்பு தேடுவது போச்சு, மூச்சை அடக்கி ஊதுவதும் போச்சு. கடைசியில் வேடிக்கை பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

கடற்கரையில் அந்தப் பாட்டிலை விற்று வயிற்றைக் கழுவுகிறவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் ஊதிக் காட்டும் லாகவத்தில் பாதி நமக்கு வராது. தாராளமாக வாங்குங்கள். தீர்ந்ததும் பாட்டிலைத் தூக்கிப் போடாமல் பிள்ளையிடம் கொடுத்து, “இதுக்குள்ள என்ன இருந்திருக்கும்? நீயே பண்ணேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என் கோபமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் அடுத்த பாட்டிலை வாங்குகிற நம்மேல்தான்.

சரி, செய்முறைக்கு வருகிறேன். இது உங்களுக்கு மட்டும். தயவுசெய்து பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு. மருந்துக்கடையில் கிடைக்கும் கிளிசரின் ஒரு ஸ்பூன், இல்லையென்றால் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. நுரை கிளம்பாமல் மெதுவாகக் கலக்கி, ஒரு ராத்திரி மூடி வைத்துவிட்டால் மறுநாள் நன்றாக வரும். அவ்வளவுதான்.

ஏன் சொல்லக்கூடாது என்கிறேன்? சொல்லாவிட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். குழந்தை முதலில் வெறும் தண்ணீரில் ஊதும். ஒன்றும் வராது. அடுத்து டப்பாவில் பாதி சோப்பைக் கொட்டும். நுரைதான் வரும். அப்புறம் தண்ணீரைக் கூட்டும், குறைக்கும். போர் தண்ணீரில் குளியல் சோப்பைக் கரைத்தால் வெள்ளையாய்த் திரிந்துபோகும். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொண்டுவிடுவதுதான் காரணம். கேன் தண்ணீரிலோ மழைத் தண்ணீரிலோ அதே சோப்பு ஒழுங்காக நுரைக்கும். உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பற்றி இதைவிட மலிவான பரிசோதனை உண்டா?

இந்தத் தடுமாற்றம் ஒரு மணி நேரம் நடக்கும். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். “நான் பண்ணித் தர்றேன், குடு” என்று வாயெடுக்காமல் இருப்பதுதான் கஷ்டம். அதிகபட்சம் நீங்கள் கேட்கலாமென்றால் ஒன்று கேட்கலாம்: “இப்ப என்னத்த மாத்தின?” ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் அந்தக் குழந்தை பாதி விஞ்ஞானி.

ஊதுகோல் விஷயத்தில் வீடே ஒரு கடை. விளக்குமாற்றில் உருவின ஈர்க்கை வளைத்துக் கட்டினால் ஒரு வளையம். உடையாத பழைய வளையல் இன்னொன்று. பூந்தி தேய்க்கும் ஜல்லிக் கரண்டியை முக்கி வீசினால் ஒரே வீச்சில் ஒரு படை கிளம்பும். இரண்டு ஸ்ட்ராக்களுக்குள் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டால் இழுத்து விரிக்கிற பெரிய சட்டம். காலையில் ஊதினது அதிக நேரம் பறக்கிறதா, உச்சிவெயிலில் ஊதினதா? ஈரக் கையில் ஏந்தினால் உட்காருகிற குமிழி, காய்ந்த கையில் ஏன் உடைகிறது? இதெல்லாம் அவர்களாகவே கேட்கிற கேள்விகள். காகிதம் கொடுத்தால் எழுதியும் வைத்துக்கொள்வார்கள்.

பெரியவர்கள் பார்க்கவும் இதில் நிறைய இருக்கிறது. வளையத்தில் படலத்தை நிமிர்த்திப் பிடித்தால் வண்ணங்கள் பட்டை பட்டையாகக் கீழே இறங்கும். நியூட்டன் இந்தச் சோப்பு வண்ணங்களை உட்கார்ந்து பார்த்து, 1704-ல் வெளியான தன் ‘ஆப்டிக்ஸ்’ நூலில் எழுதியிருக்கிறார். தண்ணீர் வடிய வடிய மேல் பக்கம் மெலிந்துகொண்டே போய்க் கடைசியில் கறுப்பாகத் தெரியும். அந்த இடத்தில் படலம் ஒளியின் அலைநீளத்தைவிட மிக மெல்லியதாகிவிட்டது என்று அர்த்தம். கறுப்பு வந்துவிட்டால் உடையும் நேரம் நெருங்கிவிட்டது. மைக்ராஸ்கோப் இல்லாமல், அவ்வளவு மெல்லிய ஒரு பொருளை வெறும் கண்ணால் வேறு எங்கே பார்ப்பீர்கள்?

மூன்று குமிழிகள் ஒட்டிக்கொண்டால் அவற்றின் சுவர்கள் சந்திக்கிற இடத்தில் எப்போதும் 120 டிகிரிதான். பெல்ஜியத்தில் ஜோசப் பிளாட்டோ என்பவர் தன் கண்பார்வை போன பிறகும், உதவியாளர்கள் செய்து பார்த்துச் சொல்லச் சொல்லக் கேட்டு இதையெல்லாம் தொகுத்து 1873-ல் புத்தகமாகப் போட்டார். அது ஏன் அப்படித்தான் இருந்தாக வேண்டும் என்பதை ஜீன் டெய்லர் என்கிற கணித மேதை நிரூபித்தது 1976-ல். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல். குழந்தை விளையாட்டு என்று நாம் ஒதுக்குவது அறிஞர்களை அத்தனை காலம் உட்கார வைத்திருக்கிறது.

‘சமையலறையில் சோப்பை வீணாக்காதே’ என்று பெண் குழந்தையை அதட்டும் வீடுகளுக்கு இன்னொருவர் கதை தெரிய வேண்டும். ஆக்னெஸ் பாக்கெல்ஸ். 1862-ல் பிறந்த ஜெர்மானியப் பெண். அந்நாளில் பெண்களுக்கு அங்கே பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. வீட்டில் இருந்து பெற்றோரைக் கவனித்துக்கொண்டார். பாத்திரம் கழுவுகிற தண்ணீரில் எண்ணெயும் சோப்பும் படும்போது மேற்பரப்பு எப்படி மாறுகிறது என்று கவனித்தார். ஒரு தகரத் தொட்டி, ஒரு சட்டைப் பொத்தான், ஒரு தராசு. இவ்வளவுதான் சாதனம். பொத்தானைத் தண்ணீர்ப் பரப்பிலிருந்து பிரித்தெடுக்க எவ்வளவு இழுக்க வேண்டியிருக்கிறது என்று அளந்தார். 1891 ஜனவரியில் இங்கிலாந்தின் பெரிய விஞ்ஞானி ரேலே பிரபுவுக்குக் கடிதம் எழுதினார். அவர் அதைக் குப்பையில் போடாமல் ‘நேச்சர்’ இதழுக்கு அனுப்ப, மார்ச்சில் அச்சாகிவிட்டது. பின்னாளில் இர்விங் லாங்மியூர் இந்தத் துறையில் வேலை செய்து 1932-ல் நோபல் பரிசு வாங்கினார். அவர் பயன்படுத்திய தொட்டி, ஆக்னெஸ் தன் சமையலறையில் செய்த தொட்டியின் திருந்திய வடிவம்.

இனி நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வாருங்கள். ப்ளஸ் ஒன் இயற்பியலில் ஒரு பாடம் உண்டு. சோப்புக் குமிழிக்குள் இருக்கும் மிகை அழுத்தம் 4T/r. வருவித்துக் காட்டுக. பிள்ளைகள் ஒரு எழுத்து பிசகாமல் எழுதிவிட்டு வருவார்கள். ஏன் நாலு, தண்ணீர்த் துளிக்கு மட்டும் ஏன் இரண்டு என்று கேட்டுப் பாருங்கள். துளிக்கு ஒரு தோல், குமிழிக்கு உள்ளே ஒன்று வெளியே ஒன்று என இரண்டு தோல். வாழ்நாளில் பத்துக் குமிழியை உற்றுப் பார்த்தவனுக்கு அதை மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியமே இல்லை.

அதே சூத்திரத்தை வைத்து இன்னொன்று. ஒரு குழாயின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு குமிழி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நடுவே வழியைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்? பெரியது சின்னதுக்குக் கொஞ்சம் காற்றைக் கொடுத்து இரண்டும் சமமாகும் என்றுதான் நல்ல மனசுக்காரர்கள் நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. சிறியதற்குள் அழுத்தம் அதிகம். ஆகவே சின்னது தன்னிடம் இருப்பதைப் பெரியதிடம் கொடுத்துவிட்டுச் சுருங்கிப் போகும். நாட்டு நடப்புதான். ஆனால் இதைப் பாடமாகப் படித்த எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

‘ஆக்டிவிட்டி’, ‘ப்ராஜெக்ட்’ என்றெல்லாம் பள்ளியில் செய்யச் சொல்கிறார்களே என்பீர்கள். சொல்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா தெர்மோகோல் வெட்டுகிறாள், அப்பா ஃபெவிகால் ஒட்டுகிறார், பிள்ளை தூங்குகிறது. அதற்கும் நேரமில்லாதவர்களுக்குப் பள்ளிக்கு எதிரே ஃபேன்ஸி ஸ்டோரில் எரிமலையும் சூரியக் குடும்பமும் செய்தே விற்கிறார்கள். மார்க் யாருக்கு? செய்முறை என்ற பெயரில் இதையும் விலைக்கு வாங்கக் கற்றுக்கொடுத்துவிட்டோம்.

வேறு மாதிரி செய்து பார்த்த இடமும் இந்த நாட்டில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் 16 கிராமப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கியது. புத்தகத்தில் விடை இருக்காது. பிள்ளைகள் கையில் கிடைத்த சாமான்களை வைத்துச் செய்து பார்த்து அவர்களே விடை எழுத வேண்டும். அது முப்பது வருஷம் நடந்து பல மாவட்டங்களுக்குப் பரவியது. 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. அரசு செய்ததைக் குறை சொல்வது எளிது. அந்தத் திட்டத்தை நம் பிள்ளை படிக்கிற பள்ளியில் கொண்டுவந்திருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? ‘போர்ஷன் எப்ப முடிப்பீங்க?’ என்று முதல் பி.டி.ஏ. கூட்டத்திலேயே எழுந்து கேட்டிருப்போம்.

உங்கள் ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும்.

‘சோப்பு வேஸ்ட்.’ பத்து ரூபாய் பாக்கெட்டில் ஒரு தெருப் பிள்ளைகள் ஒரு சாயங்காலம் முழுக்க விளையாடலாம். பிறந்தநாளுக்கு நீங்கள் வெட்டி மூஞ்சியில் பூசிக்கொள்கிற கேக்கின் விலை என்ன?

‘டைம் இல்லை.’ உங்களை யார் கூப்பிட்டார்கள்? உங்கள் டைம் இதற்குத் தேவையில்லை. கம்பியும் டப்பாவும் கொடுத்துவிட்டுப் பேப்பர் படியுங்கள். கண்ணில் சோப்பு பட்டால் கழுவிவிடவும், வழுக்குகிற டைல்ஸ் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளவும் பக்கத்தில் இருந்தால் போதும்.

‘சளி பிடிக்கும்.’ ஏ.ஸி. ரூமில் பிடிக்காத சளி மொட்டை மாடியில் பிடித்துவிடுமா?

‘இதனால் என்ன பிரயோஜனம்?’ இதுதான் முக்கியமான கேள்வி. ம்யூனிக் நகரில் 1972 ஒலிம்பிக்ஸுக்காகப் போட்ட கூடாரம் போன்ற கூரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அதன் வடிவமைப்பில் பங்குகொண்ட ஃப்ரை ஓட்டோ என்கிற கட்டடக்கலைஞர் கம்பியிலும் நூலிலும் சோப்புப் படலம் கட்டிப் பார்த்து இப்படிப்பட்ட கூரைகளை ஆராய்ந்தவர். உங்கள் பிள்ளையும் அப்படி ஆகும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அநேகமாக ஆகாது. பாங்கில் வேலை பார்க்கும், கடை வைக்கும், கம்ப்யூட்டர் தட்டும். ஆனால் நாளைக்கு ஒருவர் வந்து ‘இந்தச் சீட்டில் பணம் போட்டால் ஆறே மாசத்தில் இரட்டிப்பு’ என்றோ, ‘இந்த லேகியம் சர்க்கரை வியாதியை அடியோடு போக்கும்’ என்றோ சொல்லும்போது, ‘அப்படியா? எங்கே, பார்க்கலாம்’ என்று கேட்கிற ஆளாக இருக்க வேண்டாமா? சொன்னதைக் கேட்டு “ஓ” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போகிற பிள்ளையைத்தான் நாம் சமத்து என்று கொஞ்சுகிறோம். அது வளர்ந்தும் அப்படியே இறங்கிப் போகும். பிறகு ஊரில் ஏமாறுகிறவர்கள் அதிகம் என்று நாமே அங்கலாய்ப்போம்.

பொங்கல் லீவுக்கு அவள் மறுபடி வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மாடியில் சோப்புத் தண்ணீரையும் கம்பிச் சுருளையும் வைத்துவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஓரமாக நின்றேன். முதல் வேலையாக அந்தப் பழைய சதுரத்தைத் தேடி எடுத்து முக்கி ஊதினாள். உருண்டையாக வந்தது. திரும்பி என்னைப் பார்த்து, “நீங்க சொன்னது கரெக்ட்தான் பெரியப்பா” என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் குமிழியைப் பார்க்கவில்லை. என் பதிலைத்தான் திருத்திப் பார்த்தாள். அந்த ஒரு கேள்வி போனது போனதுதான், திரும்பி வராது.

கொஞ்ச நேரம் கம்பியை நோண்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

“பெரியப்பா, கட்டத்துக்குப் பதிலா முழுசா ஒரு பெட்டி மாதிரி கம்பியைக் கட்டி உள்ள முக்கினா என்ன வரும்?”

எனக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

“தெரியலையே” என்றேன். “முக்கிப் பாரேன்.”

பெட்டி கட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு தடவை பிரிந்து விழுந்தது. மூன்றாவது தடவை முக்கி எடுத்தபோது அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று மாடிக்கு ஓடி வந்துவிட்டார்.

அப்படி என்ன வந்தது என்கிறீர்களா? சொல்ல மாட்டேன். பன்னிரண்டு துண்டுக் கம்பியும் ஒரு டப்பா சோப்புத் தண்ணீரும் உங்கள் வீட்டில் கிடைக்காதா என்ன? வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போங்கள்.